உள்ளேயும் கறுப்பு

வேலைநிறுத்தத்தின்போது நாற்காலிப் பட்டறைக்குள் வேலைக்குப் போனவர் கடைசல்காரர் ஒருவர்தான். நிறுத்தம் முடிந்து எல்லோரும் திரும்பிய பிறகு, அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பக்கத்து மேசையில் இழைக்கும் சொந்த மச்சினன்கூட.

அந்த மச்சினனே இன்று ஒரு கறுப்புக் கட்டையை நீட்டினான். “மாமா, மரம் பாக்குறதுல உங்கள அடிச்சுக்க ஆளில்ல. இது என்ன மரம்?”

பொறி தட்டியிருக்க வேண்டிய இடத்தில் மனுஷர் பூரித்துப் போனார். உளியால் சுரண்டினார், உள்ளேயும் கறுப்பு. வாளித் தண்ணீரில் போட்டார், கல்லாட்டம் முழுகியது.

“சாயம் இல்லப்பா. அசல் கருங்காலி!”

“பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல, மாமா.”

“கருங்காலி!” என்று வாயெல்லாம் பல்லாகக் கத்தினார்.

“யாரு?” என்றது பட்டறை மொத்தமும்.