விளையாட்டுச் சாதனம், கான்கிரீட், ஒன்று

இடிக்கப் போகிறோம் என்று நகராட்சியிலிருந்து கடிதம் வந்தபோது நான் கண்ணீர் விடவில்லை. எங்கள் குடியிருப்பு இடிய வேண்டியதுதான். மழை வந்தால் சுவர் வியர்க்கும். லிஃப்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். டைன் ஆற்றுக் காற்று ஜன்னல் இடுக்கில் நுழைந்து மேசைவிரிப்பைத் தூக்கும். நாற்பத்து மூன்று வருடம் அங்கே குடியிருந்தவள் சொல்கிறேன், போய்த் தொலையட்டும். ஆனால் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் அகற்ற வேண்டிய பொருட்களின் பட்டியல் ஒன்று இருந்தது. குப்பைத்தொட்டி ஆறு, விளக்குக்கம்பம் பதினொன்று. அதற்குக் கீழே: 'விளையாட்டுச் சாதனம், கான்கிரீட், ஒன்று. இடிபாடுகளோடு சேர்த்து நொறுக்கவும்.'

அது எங்கள் குதிரை. என் கணவர் நார்மன் செய்தது.

நார்மன் சிற்பி இல்லை. சென்ட்ரிங் தச்சர். பலகை அடித்து முட்டுக் கொடுப்பார், மற்றவர்கள் கான்கிரீட் ஊற்றுவார்கள், காய்ந்ததும் பலகையைப் பிரிப்பார். எங்கள் குடியிருப்பின் எட்டு மாடியும் அப்படி எழும்பியதுதான். கட்டி முடிக்கிற சமயத்தில் மிஞ்சிய கான்கிரீட்டை வைத்து நாலு சனிக்கிழமை மதியங்களில் முற்றத்துப் புல்வெளியில் ஒரு மட்டக்குதிரை செய்தார். அவருடைய தாத்தா நிலக்கரிச் சுரங்கத்தில் குதிரை ஓட்டியவர், அந்த ஜாதிக் குதிரை. குட்டைக் கால், தொங்கிய தலை, பிடிவாதமான கழுத்து. கொஞ்சம் எங்கள் நார்மன் மாதிரியே இருக்கும்.

கடைசிச் சனிக்கிழமை முதுகு ஈரமாக இருந்தபோது, எங்கள் மகள் ஜேனிஸைத் தூக்கி அதன் மேல் அப்படியே உட்கார வைத்து அழுத்தினார். அவளுக்கு அப்போது நாலு வயது. நான் பின்னிக் கொடுத்த, இடுப்பு வரை வரும் கம்பளிக் காலுறையை அணிந்திருந்தாள். இரண்டு நேர், இரண்டு புரட்டு என்று கோடு கோடாக வரும் பின்னல். காலுறை வீணாய்ப் போயிற்று. "பிள்ளையை சிமென்ட்ல முக்குற அப்பனை எங்கயாவது பாத்திருக்கியா?" என்று ஊரே கேட்கக் கத்தினேன். அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள். குதிரையின் முதுகில் அவள் உட்கார்ந்த பள்ளம் நின்றுவிட்டது, உள்ளே என் பின்னலின் கோடுகளோடு.

ஏழு வயதில் மூளைக்காய்ச்சல். மூன்றே நாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

நார்மன் அதன் பிறகு முப்பது வருடம் உயிரோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷை எடுத்துக்கொண்டு கீழே போய் அந்தப் பள்ளத்தில் பாசி பிடிக்காமல் தேய்ப்பார். குடியிருப்பின் பிள்ளைகள் எல்லாம் அதில் ஏறி உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தான். யாரையும் அவர் விரட்டியதில்லை. அவர் போன பிறகு பிரஷ் என் கைக்கு வந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்கு ஓடினேன். கழுத்தில் அட்டை தொங்கிய ஒருவர் பொறுமையாகத்தான் பேசினார்.

"அது நினைவுச்சின்னமாம்மா? யார் பேர்லயாவது பதிவாகியிருக்கா?"

"என் மக உக்காந்த இடம் சார் அது."

"புரியுதும்மா. சிற்பம்னு சொன்னா, இந்த வட்டாரத்துப் பொதுச் சிற்பங்களுக்குன்னு ஒரு பட்டியல் இருக்கு. அதுல ஏறிட்டா விசாரணை இல்லாம யாரும் கை வைக்க முடியாது. செஞ்சவர் யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"சிற்பியா?"

"சென்ட்ரிங் வேலை."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப அது விளையாட்டுச் சாதனம்தாம்மா" என்றார். நான் இன்னும் மூன்று முறை போனேன், ஏழு கடிதம் எழுதினேன். பதில் ஒன்றே ஒன்று வந்தது, என் உணர்வுகளைத் தாங்கள் மதிப்பதாக. அந்தக் காகிதத்தைக் கிழித்து அடுப்படிக் குப்பையில் போட்டேன்.

அதற்குள் பக்கத்துக் கட்டடத்தை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இயந்திரத்தின் முன்னால் போய் நின்றேன். ஓட்டுபவர் இறங்கி வந்தார். நல்ல மனுஷர். "அம்மா, திங்கக்கிழமை வரைக்கும் நான் இந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். அன்று செவ்வாய்க்கிழமை.

அன்று மதியம் எதிர்வீட்டு எட்னா வந்தாள். அந்தத் தளத்தில் மிச்சம் இருந்தது நாங்கள் இருவர்தான். பட்டாணி மசியல் தடவிய ரொட்டியை என் முன்னால் தள்ளினாள். நான் தொடவில்லை.

"தின்னு. பட்டினி கிடந்து செத்தா அவனுங்களுக்கு ஒரு வேலை மிச்சம்" என்றாள். "உன் புது வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடேன்."

"மூணாவது மாடிடி. ரெண்டு டன் எடை."

"பால்கனியில கட்டிப்போட்டுப் புல்லு போடு." நான் சிரிக்கவில்லை என்றதும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "இங்க பாரு மேவிஸ். கடைத்தெருவுல நிக்குதே, இரும்புல முறுக்கு மாதிரி ஒரு சிலை, அதைச் செஞ்சவன் பேரு என்ன?"

"ட்ரெவன். ஆஸ்வால்ட் ட்ரெவன்."

"இந்தக் கட்டடம் எழும்பின வருஷம் ஒரு நாள் அவன் இங்க வந்தான்ல? டாக்ஸியில வந்து, டீ குடிச்சிட்டு, காத்து அடிக்குதுன்னு முனகிட்டுப் போனானே. குதிரையை அவன்தான் செஞ்சான்னு சொல்லு."

"பைத்தியமா உனக்கு?"

"அவன் செத்து இருபது வருஷமாச்சு. வந்து இல்லேன்னா சொல்லப் போறான்?"

எனக்கு அவள் கன்னத்தில் ஒன்று விடலாம் போல இருந்தது. ஆனால் அவள் போனதும் பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். சிற்பப் பட்டியல் போடுகிறவர்களுக்கு, குதிரை ட்ரெவன் செய்தது என்று நாலே வரி எழுதி, எட்னாவின் மகளைக் கொண்டு கம்ப்யூட்டரில் அனுப்பச் செய்தேன். ஏழு கடிதத்துக்கு மசியாத ஊர், நாலு வரிக்கு மசிந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் பியர்ஸ் என்பவர் நியூகாசிலிலிருந்து காரில் வந்து இறங்கினார்.

ட்ரெவனைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவராம். நல்ல கம்பளிக் கோட்டு. ஈரப் புல்லில் அந்தக் கோட்டோடு மண்டியிட்டு, குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் கை பள்ளத்துக்குள் போனபோது நான் என் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தக் கோடுகள்!" என்றார். "எழுபத்தொண்ணுல ட்ரெவன் நோட்டுப் புத்தகம் முழுக்க இதே கோடுதான். இதே இடைவெளி. இல்லாத ஒரு உடம்பை இந்தப் பள்ளத்துல காட்டுறார், பாத்தீங்களா மிஸஸ் ராப்சன்?"

"பாத்தேன்" என்றேன். பார்த்தேன்தான், அவள் தொப்பென்று உட்கார்ந்ததையும், சிமென்டோடு எழுந்து தொடையைத் தட்டிக்கொண்டதையும்.

அவர் ஒரு சின்னப் பதிவுக் கருவியை எடுத்து என் முன்னால் நீட்டினார். ட்ரெவன் எப்போது வந்தார், என்ன உடுத்தியிருந்தார் என்று கேட்டார். டாக்ஸியையும் டீயையும் காற்றையும் சொன்னேன். அதெல்லாம் உண்மை என்பதால் சரளமாக வந்தது. ஒரு நாளை மட்டும் நாலு சனிக்கிழமை ஆக்கினேன். பிறகு அவர் தயங்கினார்.

"ஒரே ஒரு கேள்வி. இது ரொம்ப முக்கியம். இங்க வேலை செஞ்ச ஆட்கள் யாராவது இதைச் செஞ்சிருக்க முடியுமா? இல்ல, கூட மாட உதவி ஏதாவது? அப்படி இருந்தா, பட்டியல்காரங்க ஏத்துக்க மாட்டாங்க."

பக்கத்தில் நின்ற எட்னா என் காலை மிதித்தாள். பக்கத்துக் கட்டடத்தில் சுவர் ஒன்று சரிந்து விழும் சத்தம் கேட்டது. அவர் கருவியைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"இல்ல சார்" என்றேன். "எங்க ஆளுங்களுக்குப் பலகை அடிக்கத்தான் தெரியும். இந்த மாதிரி எல்லாம் அவங்க மண்டையில உதிக்காது."

எந்த நரகத்துக்கு வேண்டுமானாலும் போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். நார்மன் என்னை மன்னித்துவிடுவார் என்றும் நினைத்தேன். அவர் எதற்கும் கோபித்துக்கொள்ளாத மனுஷர்.

வெள்ளிக்கிழமை மாலை இடிப்பு வேலைக்குத் தடை வந்தது. குதிரையைச் சுற்றி ஆரஞ்சு நிற வேலி போட்டார்கள். எட்னா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தாள், அறுபத்தெட்டு வயதில். நானும் அழுது சிரித்தேன். குடியிருப்பு போனாலும் அந்தப் புல்வெளியில் குதிரை நிற்கும், பேருந்தில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அட முட்டாளே. ஒரு ட்ரெவனை இடிபாட்டு நடுவில் யார் விட்டுவைப்பார்கள்?

அடுத்த மாதம் கிரேன் வந்து தூக்கிக்கொண்டு போயிற்று. சுத்தம் செய்யக் கொண்டுபோவதாகச் சொன்னார்கள். ஐந்து மாதம் கழித்து எனக்கு அழைப்பிதழ் வந்தது, தங்க எழுத்தில். நகரத்துப் பெரிய பூங்காவில் திறப்பு விழா.

எட்னா காய்ச்சலில் படுத்திருந்ததால் நான் தனியாகப் போனேன். பையில் பிரஷை வைத்திருந்தேன். கேட்டால் தேய்க்க விடுவார்கள் என்று ஒரு நப்பாசை. குதிரை ஒரு வட்ட மேடையில் நின்றது. சுற்றி இடுப்பளவு இரும்புக் கிராதி, தொடாதீர்கள் என்று அறிவிப்பு. எதையோ பூசிப் பளபளப்பாக்கியிருந்தார்கள். வெண்கலப் பலகையில் எழுதியிருந்தது: 'ஆஸ்வால்ட் ட்ரெவன். இல்லாதவர் அமர்ந்த குதிரை.' ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கிக் கிராதிக்கு மேலாகக் காட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை ஏறி உட்கார வேண்டும் என்று காலை உதைத்து அழுதது. "கூடாது, அது கலை" என்று அந்தத் தாய் இழுத்துக்கொண்டு போனாள்.

என்னால் தாங்க முடியவில்லை. பேச்சுகள் முடிந்ததும் டாக்டர் பியர்ஸின் கையைப் பிடித்து ஒரு மரத்தடிக்கு இழுத்துப் போனேன்.

"சார், நான் பொய் சொல்லிட்டேன். அது என் வீட்டுக்காரர் செஞ்சது. நார்மன் ராப்சன். அந்தக் கோடு நான் பின்னின காலுறை. ரெண்டு நேர், ரெண்டு புரட்டு. அதுல உக்காந்தது என் மக. அவ பேரு ஜேனிஸ். அந்தப் பலகையில அவங்க பேரைப் போடுங்க சார். கீழ, ஒரு ஓரமாவாவது போடுங்க."

அவர் என் கையை விடவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. அதற்குப் பதில் கோபப்பட்டிருக்கலாம்.

"மிஸஸ் ராப்சன், உங்க மகளைப் பத்தி எட்னா சொன்னாங்க. ரொம்ப வருத்தமா இருந்துச்சு. இத்தனை வருஷம் பக்கத்துலயே பாத்த பொருள். நம்மளோடதுன்னு தோணிடும். அது இயற்கைதான்."

"தோணல சார். அது உண்மை."

"அன்னிக்கு அவ்ளோ தெளிவா சொன்னீங்களே. பதிவுல இருக்கு. எங்க ஆளுங்க மண்டையில இதெல்லாம் உதிக்காதுன்னு சொன்னீங்க. அந்த வரியை என் புத்தகத்தோட புதுப் பதிப்புலயே போட்டிருக்கேன்." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இப்ப சொல்றதை எழுதிக் குடுத்தா, நான் மேலிடத்துக்கு அனுப்பித்தான் ஆகணும். சந்தேகம் வந்தா பட்டியல்ல இருந்து எடுத்துடுவாங்க. எடுத்துட்டா இந்தப் பூங்காவுல இடம் கிடையாது. பழைய இடம் இப்ப காலி மனை. ரெண்டு டன் கான்கிரீட்டை யாரு வச்சுக்குவாங்க, சொல்லுங்க?"

அவர் மிரட்டவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டார். என் கை பைக்குள் பிரஷைப் பிடித்திருந்தது, அந்தப் பிடியில் விரல் வலித்தது. மரத்தடியிலிருந்து பார்த்தால் பள்ளம் தெரியவில்லை, கழுத்து மட்டும் தெரிந்தது, அந்தப் பிடிவாதக் கழுத்து.

"எழுதித் தர்றீங்களா, மிஸஸ் ராப்சன்?"

முதல் முறை இயந்திரத்துக்குப் பயந்து சொன்னேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். இந்த முறை இயந்திரம் எதுவும் ஓடவில்லை. பூங்கா அமைதியாக இருந்தது.

"இல்ல சார்" என்றேன். "வயசாயிடுச்சு. எனக்குத்தான் ஞாபகம் குழம்பிடுச்சு. என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் செய்யத் தெரியாது."

"பரவாயில்ல, பரவாயில்ல" என்று அவர் என் தோளைத் தட்டினார். அவருக்கு மூச்சே அப்போதுதான் வந்தது போல இருந்தது. என்னைக் கிராதிப் பக்கம் நடத்திக்கொண்டு போய்ப் பத்திரிகைக்காரர்களிடம், ட்ரெவன் இதைச் செய்ததைக் கண்ணால் பார்த்தவர் இவர் என்று அறிமுகப்படுத்தினார். புகைப்படக்காரப் பெண் என்னைக் குதிரைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். கிராதியில் சாயாதீங்க, இந்தப் பக்கம் பாருங்க, கொஞ்சம் சிரிங்க என்றாள்.

சிரித்தேன். படம் சரியாக விழவில்லை என்று இன்னொரு முறை சிரிக்கச் சொன்னாள்.