நிமிடத்துக்கு ஒரு பக்கம்

டைல்ஸ்காரனுக்குத் தெரிந்ததெல்லாம் வேகம். வேலை நடக்கும் இடங்களில் அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். மற்றவன் ஓர் அறையை முடிப்பதற்குள் இவன் அறையையும் முடித்து, வராந்தாவில் பாதியையும் முடித்து, முட்டிக்குக் கட்டிய பட்டையைக் கழற்றிவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பான். சதுர அடிக் கூலியில் சோறு தின்கிறவனுக்கு அதுதான் படிப்பு. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு மூன்றாம் வகுப்பில் இருக்கும் மகளுக்கு ஆங்கிலம் வாசிக்கச் சொல்லித்தர இறங்கினான். என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

அவனுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. அதை ஒரு குறையாகவே அவன் எண்ணவில்லை. ஓட்டப் பந்தயத்தில் விசில் ஊதுகிறவன் கூடவே ஓடவா செய்கிறான்? சாயங்காலம் குளித்துவிட்டு, சமையலறை மேசையில் மகளை உட்காரவைத்து, போனில் நிமிடக் கணக்கை ஓடவிடுவான். "ம், ஆரம்பி!" என்பான். மகள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பாய்வாள். முதல் வாரம் பக்கத்துக்கு நாலு நிமிடம். இரண்டு மாதத்தில் ஒரு நிமிடம் பத்து நொடி. ஒவ்வொரு நாள் கணக்கையும் சுவரில் பென்சிலால் குறித்துவைத்தான்.

அவன் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். சோடா உப்பில் வெந்த விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே ஒருநாள் கேட்டாள்.

"என்ன கதைன்னு அவகிட்ட கேட்டீங்களா?"

"புரியாமலா இந்த ஓட்டம் ஓடுறா?"

"குளிக்கும்போது வேத்து மொழிப் பாட்டெல்லாம் பாடுறீங்க. புரிஞ்சா பாடுறீங்க?"

"அது பாட்டு, இது படிப்பு. உனக்கு வித்தியாசம் தெரியாது" என்றான் அந்த மேதாவி.

வேலையிடத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. மகள் மழை மாதிரி இங்கிலீஷ் பொழிகிறாள் என்று பிளம்பரிடம் அளந்தான்.

"மச்சான், தண்ணி வேகமா வந்தா மட்டும் போதாது, பக்கெட்டு ஓட்டையான்னும் பாத்துக்கோ" என்றான் பிளம்பர்.

"வயித்தெரிச்சல்டா உனக்கு."

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து வரச்சொன்னார்கள். பரிசு கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனான்.

பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் அவனை உட்காரவைத்தார் டீச்சர். முட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. மகளிடம் ஒரு புதுப் பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள். எங்கும் நிற்கவில்லை, எச்சில் விழுங்கக்கூட இல்லை. முடித்த கையோடு சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்து, "ஒரு நிமிஷம் அஞ்சு செகண்டுப்பா!" என்று கத்தினாள்.

அவன் கைதட்டவே போனான். டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு, உயர்த்திய கையால் தலையைச் சொறிந்துகொண்டான்.

"கதையில யாரு வர்றாங்க கண்ணு?" என்றார் டீச்சர்.

மகள் கதைக்கு மேலே இருந்த படத்தை எட்டிப் பார்த்தாள். "ஒரு நாய் மிஸ்."

"நாய் என்ன பண்ணுது?"

"ஓடுது. ரொம்ப வேகமா ஓடுது."

மகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு டீச்சர் பக்கத்தை அவன் பக்கம் திருப்பினார். "ஒரு பொண்ணு கடிதத்தைத் தொலைச்சிட்டுத் தேடுறா. அதான் கதை. இதுல நாயே இல்ல சார். மூலையில கிடக்குதே பழுப்புப் பை, அதைப் பாத்துச் சொல்றா."

"நல்லாத்தானே டீச்சர் வாசிச்சா?"

"சத்தம் நல்லாத்தான் வருது. தமிழ்ல 'கடிதம்'னு எழுத்துக் கூட்டினா, அந்த வார்த்தையை ஏற்கெனவே அவ காதால கேட்டிருக்கா. எழுத்து கதவைத் தட்டுது, உள்ள ஆள் இருக்கு, திறக்குது. இங்கிலீஷ்ல இவ கதவைத் தட்டுறா, உள்ள யாருமே இல்ல. இவளும் நிக்காம அடுத்த கதவுக்கு ஓடிடுறா. பாதிப் பிள்ளைங்களுக்கு இதே கஷ்டம்தான். ஆனா மத்த பிள்ளைங்க புரியலைன்னா முழிக்கும், நமக்குத் தெரிஞ்சிடும். இவ முழிக்கவே மாட்டேங்கறா. வீட்டுல யார் சார் இப்படிப் பழக்கினது?"

"எனக்கும் அதான் தெரியல டீச்சர்" என்றான் எக்ஸ்பிரஸ்.

வெள்ளிக்கிழமை மறுபடி வாசிக்கவைப்பதாகவும், இதே நிலைமை என்றால் அவளை இரண்டாம் வகுப்புக்கு இறக்க வேண்டியிருக்கும் என்றும் டீச்சர் சொன்னார். தோழிகள் எல்லாம் மேலே இருக்க, இவள் மட்டும் கீழே. மகள் வெளியே கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் சுவரில் இருந்த பென்சில் குறிகளை ஈரத்துணியால் அழித்தான். அழிந்த இடம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. பிறகு மேசைக்கு வந்து, "மெதுவா படி. அர்த்தமும் சொல்லு" என்றான். மகள் ஒரு வரி படித்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், அவள் இவன் முகத்தைப் பார்த்தாள். குருடனும் குருடனும் கைகோத்துக் கிணற்றோரம் நிற்பது போல இருந்தது.

"எனக்கு அர்த்தம் தெரியாதுப்பா. உனக்கும் தெரியாது. வேற அப்பா யாராவது இருக்காங்களா?"

மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

கதவுக்குப் பின்னால் டைல்ஸ் ஒட்டும் பசை மூட்டை ஒன்று பாதி மீந்து கிடந்தது. மேலே ஆங்கிலத்தில் என்னவோ எழுதியிருந்தது. அவன் அதை ஒருநாளும் வாசித்ததில்லை. ஆனால் அதில் என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? பதினைந்து வருடமாக அதைத்தானே குழைக்கிறான்! மூட்டையை மேசைமேல் தூக்கிவைத்தான்.

"இதை வாசி. அர்த்தத்தை நான் சொல்றேன்."

அவள் எழுத்துக் கூட்டினாள். "வாட்டர்" என்றதும் இருவருக்குமே தெரிந்துவிட்டது. "மிக்ஸ்" என்றாள். அவன் கரண்டியை எடுத்துக் காற்றில் கிண்டிக் காட்டினான். "ட்ரை" என்றதற்கு உள்ளங்கையைத் தேய்த்துத் தூசு தட்டிக் காட்டினான். அவளிடம் சத்தம் இருந்தது, இவனிடம் பொருள் இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் இத்தனை நாள் தனித்தனியாகக் குடியிருந்திருக்கின்றன.

"வெயிட் டென் மினிட்ஸ்" என்று வாசித்துவிட்டு அவள் நின்றாள். "அப்பா, பத்து நிமிஷம். வெயிட்டுன்னா காத்திருக்கறது. கிளாஸ்ல மிஸ் சொல்லுவாங்க. குழைச்சிட்டுப் பத்து நிமிஷம் காத்திருக்கணுமாம்."

"அப்படியெல்லாம் இருக்காது. வேற என்னவோ இருக்கும், நல்லா பாரு."

"டென்னுனு நம்பரே போட்டிருக்குப்பா. பத்து நிமிஷம் ஆனப்புறம் திரும்பவும் மிக்ஸ் பண்ணணுமாம்."

"அது கம்பெனிக்காரன் சும்மா போடறது."

"நீ காத்திருப்பியா?"

அவன் மூட்டையைப் பார்த்தான். குழைத்த கையோடு ஒட்டுவதுதான் அவன் தொழில் ரகசியம். போன மாதம் ஒரு வீட்டுக்காரி புதுத் தரையைச் செருப்பால் தட்டித் தட்டிக் காட்டினாள். நாலு இடத்தில் உள்ளே ஒன்றுமில்லாத டொக்குச் சத்தம். அவன் டைல்ஸைத் திட்டினான், பசையைத் திட்டினான், அதற்கும் மேல் அவள் செருப்பையும் திட்டிவிட்டு வந்தான். பதில் பதினைந்து வருடமாக மூட்டைமேலேயே அச்சாகிக் கிடந்திருக்கிறது.

"என்னங்க, நாய் எதுவும் ஓடுதா அதுல?" என்றாள் மனைவி.

"வாயை மூடிக்கிட்டுச் சோத்தைப் போடு" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வியாழக்கிழமை வரை அப்படியே ஓட்டினார்கள். சோப்பு உறை, மாத்திரை அட்டை, இஸ்திரிப் பெட்டியின் காகிதம் என்று தங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான பொருளில் ஒட்டியிருப்பதையெல்லாம் வாசித்தார்கள். கதைப் புத்தகத்தில் மட்டும் பாதிக் கதவு இன்னும் பூட்டியேதான் இருந்தது. நாலு நாளில் வீடு கட்டினால் அது நாலு நாள் வீடாகத்தான் இருக்கும். இது ஒன்றாவது அவன் தொழிலில் உருப்படியாகக் கற்றது.

வெள்ளிக்கிழமை அதே குட்டி நாற்காலி. மகள் வாசிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் நின்றாள். அவனுக்கு உள்ளங்கால் அரித்தது. ஓடு, ஓடு என்று தொண்டை வரை வந்ததைக் கஷ்டப்பட்டு விழுங்கினான்.

"மிஸ், இதுக்கு என்ன அர்த்தம்?"

டீச்சர் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு, அந்த வரியைத் திரும்ப முதலிலிருந்து வாசித்தாள். பிறகும் மூன்று இடத்தில் நின்றாள். டீச்சர் ஐந்து கேள்விகள் கேட்டார். இரண்டுக்குச் சரியான பதில். ஒன்று தப்பு. மீதி இரண்டுக்கும் மகள் படத்தைப் பார்க்கவில்லை. டீச்சரையே பார்த்து, "தெரியல மிஸ்" என்றாள்.

முடிந்தது கதை என்று அவன் எழுந்துவிட்டான். நாற்காலியும் அவன் பின்பக்கத்தோடு சேர்ந்து எழுந்தது.

"உக்காருங்க சார். மூணாம் வகுப்புலயே இருக்கட்டும். தெரியலன்னு சொல்ற பிள்ளைக்கு எனக்குச் சொல்லித்தரத் தெரியும். வாசிக்கிற பீரியடுக்கு மட்டும் தினமும் ரெண்டாம் வகுப்புக்குப் போகணும்."

"சின்னப் பசங்களோடயா?" என்றாள் மகள். முகம் சுருங்கிவிட்டது.

"ஆமா. கொஞ்ச நாளைக்கு."

அவனுக்கும் வலித்தது. மகள் தரையைப் பார்த்தபடி, "சரி மிஸ்" என்றாள்.

டீச்சர் ஒரு தாளை நீட்டினார். முழுக்க ஆங்கிலம், அடியில் ஒரு கோடு. அவன் வழக்கம்போலப் பேனாவைத் திறந்து, கோட்டைத் தேடி, முதல் எழுத்தைப் போட்டும்விட்டான்.

"அப்பா, என்ன எழுதியிருக்குன்னு பாக்காமலா கையெழுத்துப் போடுற?"

கை நின்றது. கதவுக்கு வெளியே இன்னும் நாலு பெற்றோர் காத்திருந்தார்கள். ஒருத்தர் சத்தமாகத் தொண்டையைச் செருமினார்.

அவன் பேனாவை மூடினான். தாளை மகளுக்கும் தனக்கும் நடுவில் வைத்தான். அவள் முதல் வார்த்தையில் விரலை வைத்து எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள்.