கிராங்கோவுக்கு ஒரு மொட்டை

என் வீட்டுக்காரர் முகேஷ்குமாருக்கு என்னைவிட நீளமான முடி. நான்கு வருஷமாகக் கத்தரி படாத முடி. பழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டு வளர்த்தது. எரியோட்டில் எங்கள் தெருவுக்கே அது தெரியும். என்ன வேண்டுதல் என்பதும் தெரியும் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. வேறு என்னத்துக்கு ஒரு ஆம்பளை முடி வளர்ப்பான்?

அவர் வாயைத் திறந்து அப்படிச் சொன்னதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாராவது கேட்டால் கொண்டையைத் தடவிக்கொண்டு, "முருகன் பாத்துக்குவான்" என்பார். நானும் கேட்டதில்லை. கேட்கக் கூச்சம். எனக்காக இவ்வளவு செய்கிற மனுஷனிடம் போய், எனக்காகத்தானே செய்கிறீர்கள் என்று எப்படிக் கேட்பது?

அந்த முடி எனக்குப் பெரிய தெம்பு. கல்யாண வீட்டிலோ காதுகுத்திலோ யாராவது, "என்னத்தா, விசேஷம் ஏதும் உண்டா?" என்று ஆரம்பித்தால் போதும், பக்கத்தில் இருப்பவளே அவரைக் காட்டி, "அந்தப் பய எம்புட்டு முடி வளத்துருக்கான் பாரு, முருகன் குடுக்காமயா போயிருவான்" என்று வாயை அடைத்துவிடுவாள். பேச்சு என் பக்கம் வராது. சனிக்கிழமைதோறும் நானே அவர் தலைக்கு எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசி, சிக்கெடுத்து விடுவேன். ஏதாவது திட்டினால் கொண்டையை அவிழ்த்து முகத்தில் போட்டுக்கொண்டு உள்ளே இருந்து சிரிப்பார். அப்புறம் எங்கே திட்டுவது?

அவருக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. அதன் பெயர் கிராங்கோ. முதுகில் வண்டு மாதிரி ஓடும், கையில் ரம்பமுமாக இருக்கும் பிளாஸ்டிக் பொம்மைகள். அவர் சின்னப் பையனாக இருந்தபோது சத்துமாவு டப்பாவோடு இலவசமாக வந்தனவாம். அப்புறம் டிவியில் தமிழில் பேசிக்கொண்டு கார்ட்டூனாகவும் வந்தனவாம். அதைப் படமாக எடுக்கப் போகிறோம் என்று வெளிநாட்டுக்காரன் எவனோ பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லிவிட்டான். சொன்னவன் சும்மா போய்விட்டான். இவர்கள்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவர்கள் என்றால், இவரும் திண்டுக்கல்லில் செல்போன் கடை வைத்திருக்கிற ஆனந்த்ராஜும், போனுக்குள் இருக்கிற ஒரு கூட்டமும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மில்லில் லீவு, இவர் அந்தக் கடையில் இருப்பார். நானும் இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். அந்தப் படத்தில் நடிக்கப் போவதாகச் சொல்லப்பட்ட நடிகன் தாடியை எடுத்துவிட்டால், "ஷூட்டிங் ஆரம்பிச்சிட்டான்" என்பார்கள். எடுக்காவிட்டால், "வேணும்னே ஏமாத்துறான், ஆரம்பிச்சிட்டான்" என்பார்கள். இயக்குநர் யாருடைய பிறந்தநாள் போட்டோவிலோ மூன்று விரலை நீட்டிக்கொண்டு நின்றார் என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினார்கள். மூன்று பாகம் எடுக்கப் போகிறாராம். கேக் வேண்டுமா என்று கேட்டவனுக்கு மூன்று துண்டு என்று காட்டியிருப்பார் என்றேன். ஆனந்த்ராஜ் என்னை வேற்று மதத்துக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எனக்குச் சிரிப்புத்தான். குடிக்கிறதில்லை, சீட்டாடுகிறதில்லை, பொம்மைப் படம் பேசுகிறார், பேசட்டும்.

போன வியாழக்கிழமை நைட் ஷிப்ட் முடிந்து காலையில் அவர் வீட்டுக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. மத்தியானம் நான் வெஞ்சனத்துக்குப் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மொட்டைத் தலை, தலை நிறையச் சந்தனம், இரண்டு கையிலும் பஞ்சாமிர்த டப்பா நிறைந்த பைகள். வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். முகமெல்லாம் பல்.

பின்னால் தெருவே வந்தது.

என் மாமியார் பழனியம்மாள் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஓடிவந்து என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "எத்தன நாளுத்தா? எங்கிட்டக்கூடச் சொல்லலையே நீ!" சாயங்காலம் சாமிக்குப் போடுவதற்காக வைத்திருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து வந்து அப்படியே என் தலையில் வைத்தார். எதிர்வீட்டு மருதாயி சித்தி ஒரு கை சீனியை என் வாயில் போட்டுவிட்டாள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எனக்கு எதுவும் தள்ளிப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அப்படியானால் இந்த மொட்டை? ஒரே ஒரு பதில்தான் தோன்றியது. மனுஷன் கைவிட்டுவிட்டார். இனி நமக்குப் பிள்ளை இல்லை என்று முடிவு செய்து, வேண்டுதலை முடித்துவிட்டு வந்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டேன்.

"வெக்கத்தப் பாரு" என்றாள் சித்தி.

அவரை அடுப்படிக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினேன். "எதுக்குங்க மொட்ட?"

"வேண்டுதல் நெறவேறிருச்சு ஜீவி." குரலில் அவ்வளவு சந்தோஷம். "தேதி தெரிஞ்சிருச்சு. டிசம்பர் பன்னெண்டு. புதுசா ஒரு பொம்ம விட்ருக்கான்ல, அந்தப் பெட்டிக்கு அடியில சின்னதா போட்ருக்கான், பன்னெண்டு, பன்னெண்டுன்னு. ஆனந்து வீடியோவே போட்டுட்டான். கேட்டதும் மில்லு வாசல்ல இருந்து அப்படியே பஸ் ஏறிட்டேன். சாமி காரியம், தள்ளிப்போடக் கூடாதுல்ல."

"எதுக்குத் தேதி?"

"படத்துக்கு."

புடலங்காய்த் தோல் காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உதறினேன். "அப்ப அம்புட்டு முடியும் அந்தப் பொம்மப் படத்துக்கா?"

அவர் முகம் மாறத் தொடங்கியது. வெளியே இருக்கிற கூட்டத்தின் அர்த்தம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஊர் என்ன நினைக்கிறது என்று நான்கு வருஷமாகத் தெரியும், ஆனால் அன்றைக்குச் சந்தோஷத்தில் மறந்துபோயிருக்கிறார்.

"புள்ளைக்குன்னு நான் சொல்லவே இல்லையே ஜீவி."

"இல்லன்னும் சொல்லலையே."

"பொம்மப் படத்துக்கு வேண்டியிருக்கேன்னு எப்படிச் சொல்றது? அசிங்கமா இருந்துச்சு. அவங்களா ஒண்ணு நெனச்சுக்கிட்டாங்க. உன்னயும் யாரும் ஒண்ணும் சொல்லாம இருந்தாங்க. சரின்னு விட்டுட்டேன்."

நான்கு வருஷம் சிக்கெடுத்த என் விரல்களைப் பார்த்தேன். அவமானமாக இருந்தது. யாரிடம் என்றுதான் தெரியவில்லை. "புள்ள வேணும்னு முருகன்கிட்ட ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா?"

"கேக்காமயா? போற தடவையெல்லாம் கேட்டேன். மனசுக்குள்ள."

"அதுக்கு ஏன் முடி வளக்கல?"

அவர் சாத்திய கதவைப் பார்த்தார். "நடக்கலேன்னா ஊருக்கே தெரியுமே ஜீவி. படம்னா, வரலேன்னாலும் யாருக்கும் தெரியாது."

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. ஆனந்த்ராஜ். அவசரத்தில் எதையோ அழுத்த, சத்தம் அடுப்படி முழுக்கக் கேட்டது. "மாப்ள, தப்பாப் போச்சுடா. மெட்ராஸ்ல நம்ம சிவபிரகாஷ் பெட்டிய வாங்கி அளந்து பாத்துட்டான். அது தேதி இல்லையாம், அட்டப்பெட்டி அளவாம். பன்னெண்டு இஞ்சுக்குப் பன்னெண்டு இஞ்சு. நான் வீடியோவத் தூக்கிட்டேன். நீ பாட்டுக்கு மொட்ட கிட்ட போட்டுறாத, என்ன?"

வேறொரு நாளாக இருந்தால் நான் உருண்டு புரண்டு சிரித்திருப்பேன்.

வெளியே அத்தை கதவைத் தட்டினார். "டேய், டாக்டரம்மாகிட்டக் காட்டியாச்சா? ஒன் மாமனுக்குப் போன் போடணும், வெளிய வாடா."

"போய்ச் சொல்லுங்க" என்றேன். "நீங்களே சொல்லுங்க."

போனார். நான் பின்னால் போய் நிலைப்படியில் நின்றேன். வாசலில் பத்துப் பதினைந்து பேர், எல்லார் கையிலும் பஞ்சாமிர்த டப்பா. அவர் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "இல்லம்மா. தள்ளித்தான் போயிருந்துச்சு. இன்னைக்குக் காலையில… நிக்காமப் போச்சு" என்றார்.

தன் பொம்மையைச் சொல்ல வாய் வரவில்லை. என் வயிற்றைச் சொல்ல வந்துவிட்டது.

"அய்யோ தாயி" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நொடி, இது இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று எனக்கும் தோன்றியது. பாவம் என்பார்கள். ஒன்று நின்றது, இன்னொன்று நிற்கும் என்பார்கள். முடி போனாலும் மறைந்துகொள்ள ஒரு பொய் கிடைத்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அத்தைதான் திறந்தார். என்னைக் கட்டிக்கொண்டு, தலையில் அடித்துக்கொண்டார். "நாந்தான் நேத்து இவளக் குடம் தூக்கச் சொன்னேன். வீட்டுல குடிக்கத் தண்ணி இல்லன்னு ரெண்டு நட நடக்க விட்டேனே. ஏம் பேரனக் கொன்ன பாவி நாந்தான்."

அவர் அம்மா அப்படி அழுவதைப் பார்த்துக்கொண்டும் அவர் சும்மாதான் நின்றார்.

"அத்தை" என்றேன். "அழாதீங்க. ஒண்ணும் உண்டாகல, ஒண்ணும் போகல. இது புள்ளைக்கு வளத்த முடி இல்ல. ஒரு பொம்மைய வச்சுப் படம் எடுக்குறாங்களாம், அது வரணும்னு வளத்த முடி. வரப்போகுதுன்னு நெனச்சு எடுத்துட்டாரு. அதுவும் வரலையாம்."

யாருக்கும் உடனே புரியவில்லை. "எந்தப் பொம்ம?" என்றார் அத்தை. பிறகு மகனைப் பார்த்தார். இல்லை என்று அவர் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

அவர் கை பழக்கத்தில் பிடரிக்குப் போனது. கொண்டையை அவிழ்த்து முகத்தில் போட்டுக்கொள்ளப் போன கை. அங்கே ஈரச் சந்தனம்தான் இருந்தது. கை அப்படியே கழுத்தில் நின்றுவிட்டது. முப்பத்து மூன்று வயது ஆம்பளையின் முகம் முழுதாகத் தெருவுக்குத் தெரிந்தது.

மருதாயி சித்திதான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாலும் தோள் குலுங்கியது. அப்புறம் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். யாரோ போகிற போக்கில் பஞ்சாமிர்த டப்பாவைப் படியிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

நான் ஜெயித்த மாதிரி இல்லை. நாளையிலிருந்து எந்தக் காதுகுத்துக்குப் போனாலும் விசேஷம் உண்டா என்று என்னை நேராகவே கேட்பார்கள். பக்கத்தில் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. தலையில் பூ கனத்தது. பொய்க்கு வைத்த பூ. கழற்றுவதற்குக் கையைக் கொண்டுபோனேன்.

அத்தை என் கையைப் பிடித்தார். மகன் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, "இருக்கட்டும்த்தா" என்றார். "அது நான் ஒனக்கு வச்சது."

அதுவரைக்கும் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.