பத்தாவது கோடு

என் அக்காவின் வயிறு ஒரு மேசை என்பதை ஏழாம் மாதத்திலேயே வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டோம். டீ டம்ளர், ரிமோட், பாதி தின்ற பிஸ்கெட் பாக்கெட் எல்லாம் அதன்மேல்தான் இருக்கும். உள்ளே இருப்பவருக்குப் பிடிக்கவில்லை என்றால் ஒரு உதை விடுவார்; பிஸ்கெட் தரைக்கு வரும். உடனே அம்மா ஓடிவந்து, "செல்லம், வேண்டாமா?" என்று கேட்பாள். நான் பிறந்து இருபது வருடம் ஆகிறது. இன்றுவரை நான் எதை உதைத்தாலும் திருப்பி உதைதான் கிடைத்திருக்கிறது.

அந்த உதைகளை எண்ணுவதுதான் என் வேலை. டாக்டர் சொல்லியிருந்தார்: தினமும் சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாகப் படுக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வர வேண்டும், வராவிட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் கிளம்பி வர வேண்டும். அக்கா படுத்துக்கொண்டு "ம்" என்பாள். நான் நோட்டில் ஒரு கோடு போடுவேன். ஸ்கேல் வைத்து, நாளுக்கு ஒரு கட்டமாகப் பிரித்து, கல்லூரியில் எந்த நோட்டுக்கும் காட்டாத மரியாதையை இதற்குக் காட்டியிருந்தேன். முதல் நான்கு தாள்கள் மட்டும் அதில் இல்லை. போன வருடம் நாலாவது மாதத்தோடு நின்றுபோன கர்ப்பத்தின் குறிப்புகள் அவற்றில் இருந்தன. யார் கிழித்தது என்று யாரும் கேட்டதில்லை.

வழக்கமாக அரை மணியில் பத்தும் வந்துவிடும். டாக்டர் குறித்த தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணிக்குத் தொடங்கியும் நாலு மணிக்கு ஐந்து கோடுதான் ஆகியிருந்தது.

அம்மா சமையலறைக்குப் போய் மிக்ஸியை வெறுமனே ஓடவிட்டாள். அந்தச் சத்தத்துக்கு உள்ளே இருப்பவர் துள்ளிக் குதிப்பார். அன்றைக்கு மேல்வீட்டுக்காரர்தான் குதித்தார். "ஒரு நாள், ஒரே ஒரு நாள் மனுஷனைத் தூங்க விடமாட்டீங்களா!" என்று குரல் வந்தது. அம்மா அடுத்து ஐஸ் போட்ட ஜூஸ் கொடுத்தாள். அதற்கு இரண்டு வந்தன. ஏழு.

அப்போதுதான் மாமாவின் போன் வந்தது. மாமா, அதாவது அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமையானால் ஊரில் உள்ள லிஃப்டெல்லாம் பேசிவைத்துக்கொண்டு நிற்கும்; அவருக்கு டூட்டி போட்டுவிடுவார்கள்.

"எத்தனை மச்சான்?"

"ஏழு. மணி நாலேகால்."

போனுக்குள் எங்கோ இரும்புக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "சார், பயப்படாதீங்க, இங்கதான் இருக்கேன், தட்டிக்கிட்டே இருங்க!" என்று யாரிடமோ கத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "இங்க ஒருத்தர் மூணாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டிருக்கார். விட்டுட்டு வரமுடியாது. அஞ்சாச்சுன்னா ஒரு நிமிஷம் நிக்காதீங்க, வண்டி பிடிச்சுக் கிளம்புங்க. நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன். அதுவரைக்கும் நீ சும்மா உக்காராதே, பேச்சுக் குடு. வெளியே இருக்கறவன் வாயை மூடிட்டா உள்ளே இருக்கறவங்க பயந்துடுவாங்க."

எனக்கு வேறொரு பயம் இருந்தது. சனிக்கிழமைக் கட்டத்தில் பத்து கோடு இருந்தது; அதில் எட்டுதான் அக்கா சொல்லிப் போட்டது. நடுவில் நண்பன் ஒருவனோடு போனில் வாய்ச்சண்டையில் இருந்தேன். எத்தனை "ம்" போனது என்று தெரியாமல், குத்துமதிப்பாக இரண்டைச் சேர்த்துவிட்டேன். நான் படிப்பது புள்ளியியல். எங்கள் துறையில் இதை மதிப்பீடு என்போம். ஆனால் நேற்றே குறைந்திருந்து, அதை என் இரண்டு கோடு மறைத்திருந்தால்?

"அக்கா... நேத்து..."

"ரெண்டு கோடு நீயா போட்டுக்கிட்டே. அதானே?"

படுத்தபடியே கையைத் தூக்கிக் காட்டினாள். கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஊர்ந்து போனது. "நேத்து பதினொண்ணு வந்துச்சு. உன்னை நம்பிப் புள்ள பெத்துக்க முடியுமாடா? நானும்தான் எண்ணிக்கிட்டு வர்றேன்."

"அப்புறம் எதுக்கு என்னை நோட்டும் கையுமா உக்கார வெச்சிருக்கே?"

அக்கா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தனியா எண்ண பயமா இருக்கு."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வயிற்றின் பக்கம் குனிந்தேன்.

"வணக்கம். நான் உங்க தாய்மாமன் பேசறேன். உள்ளிருப்புப் போராட்டம்னா கோரிக்கை என்னன்னு முதல்ல சொல்லிடணும். வெளியே நிலவரம் அவ்வளவு மோசமில்லை. மிக்ஸி சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. மேல்வீட்டுக்காரர் கத்துவார், கடிக்கமாட்டார். எனக்கு ரெண்டு அரியர் இருக்கு. அதனால நீங்க எவ்வளவு சுமாராப் படிச்சாலும் இந்த வீட்டுல உங்களை யாரும் திட்டமுடியாது. அந்த இடத்தை நான் ஏற்கனவே பிடிச்சு வெச்சிருக்கேன்."

அக்கா குலுங்கிச் சிரித்தாள். நான் பேனாவை எடுத்தேன்.

"போடாதே. அது நான் சிரிச்சது."

போடவில்லை. பேசிக்கொண்டே இருந்தேன். என் நண்பர்களின் காதல் தோல்விகளிலிருந்து பஸ்ஸில் எந்த ஸீட்டில் வெயில் படாது என்பது வரை சொல்லி முடித்தேன். நாலரைக்கு "ம், இது நிஜம்" என்றாள். எட்டு. நாலு நாற்பத்தைந்துக்கு ஒன்பது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

ஐந்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது அம்மா பையோடு வாசலுக்கு வந்து நின்றாள். "பத்து வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, போய்க் காட்டிட்டே வந்துடலாம்" என்றாள். அக்கா எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்தாள். மற்ற செருப்பை அம்மா குனிந்து போட்டுவிட்டாள்.

"ஒன்பதுன்னு எழுதி, பக்கத்துல மணியையும் எழுதுடா. டாக்டர் கேப்பாங்க."

பழக்க தோஷம், நோட்டை அவள் வயிற்றின்மேல் வைத்து எழுதப் போனேன். பேனா முனை தாளைத் தொட்டது. அவ்வளவுதான். நோட்டு அடியிலிருந்து எகிறியது. என் கை ஒருபக்கம் போயிற்று, பேனா இன்னொரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று.

அக்கா "ம்" சொல்லவில்லை. வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். அம்மாவின் தோளிலிருந்து பை நழுவியது. போன் அடித்தது, எடுத்ததும் மாமாவின் குரல், "ஆளை வெளியே எடுத்தாச்சு. அங்கே என்ன?" என்று இரண்டு தரம் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோணல்மாணலாக ஒரு கோடு, ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் தொடங்கி, நான் ஸ்கேல் வைத்து வரைந்த எல்லையைத் தாண்டி, இன்னும் எதுவும் எழுதாத திங்கட்கிழமைக்குள் போய் நின்றிருந்தது.