கொலுப்படியில் ‘கொற்கை’

கண்ணிவெடி கடலின் மேல் மிதந்துகொண்டு இருக்காது. கடலடித் தரையில் கிடக்கும் பாரத்தோடு கம்பியால் கட்டுண்டு, தண்ணீருக்குள் மறைந்து நிற்கும். கண்ணிவாரிக் கப்பல், கத்தி பொருத்திய வடத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். கம்பி அறுந்தால் வெடி மேலே வந்துவிடும். தூரத்தில் நின்று சுட்டுவிடலாம். இரண்டாம் உலகப் போரில் ‘கொற்கை’ என்ற கப்பல் இரண்டு வருடம் இதைச் செய்தது. பிறகு வடத்தைக் கழற்றிவிட்டு, பின்தளத்தில் பெட்ரோல் தொட்டிகளும் ஒரு கிரேனும் வைத்து, தண்ணீரில் இறங்கும் விமானங்களுக்குத் துணைக்கப்பலாக்கினார்கள். ஒரு கப்பலைக்கூட அது மூழ்கடித்ததில்லை.

எங்கள் மந்தைவெளி அடுக்ககக் கொலுவுக்கு நான் அதன் மாதிரியைச் செய்யக் காரணம், மாடிவீட்டு ஷஃபியுல்லா. அவருடைய அப்பா அதில் கிரேன் ஓட்டியவர். திருவல்லிக்கேணியில் இருக்கும் அக்கா அஃப்சருன்னிசாவுக்குப் பார்வை மங்கிவருகிறது. முழுதும் போவதற்குள் காட்டிவிட வேண்டும் என்றார்.

கொலுப் போட்டியன்று மாலை போய்ப் பார்த்தால் கிரேன் இல்லை. அந்த இடத்தில் மூன்று பிளாஸ்டிக் பீரங்கிகள், சுற்றிலும் ஜிகினா. ‘பன்னிரண்டு எதிரிக் கப்பல்களை அழித்த வீரக்கப்பல்’ என்று ஓர் அட்டை.

சங்கச் செயலாளர் சூடாமணியிடம் கேட்டேன்.

“ஏதோ கம்பி நீட்டிண்டு இருந்தது மாமா. பாக்கறவாளுக்கு யுத்தக் கப்பல்னு தோண வேண்டாமா?”

கிரேன் குப்பையோடு போயிருக்கும் என்றாள். நான் விளக்க விளக்க, மொபைலில் கொலுவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். நடுவர்கள் வந்தார்கள். ஒருவர் பீரங்கிகளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு, எத்தனை பேர் செத்தார்கள் என்று ஆசையாகக் கேட்டார்.

அப்போது அக்காவும் தம்பியும் வந்தார்கள். அஃப்சருன்னிசா குனிந்து, பீரங்கியை விரலால் தடவினார்.

“அப்பா யாரைச் சுட்டாரு?”

ஷஃபியுல்லா என்னைப் பார்த்தார்.

நடுவர்கள் முன்னாலேயே கப்பலைப் படியிலிருந்து தூக்கினேன். பீரங்கிகளைப் பிய்த்தபோது பசையோடு பின்தளமும் உரிந்து வந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து, ஷஃபியுல்லாவின் முழங்கையைக் கிரேன் இருந்த இடத்தில் ஊன்றி, அதைப்போல மணிக்கட்டை வளைத்தேன். அக்கா அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தார். அப்பா யாரையும் சுடவில்லை, விமானத்தைத் தூக்கினார் என்றேன். விமானம் அலையோடு ஏறி இறங்கும். உச்சிக்கு வரும் கணத்தில் தூக்க வேண்டும், பிந்தினால் கப்பலில் மோதி நொறுங்கும்.

சூடாமணி சுண்டல் தொன்னையை வைத்துவிட்டு, “உங்களால ப்ரைஸே போச்சு மாமா” என்றாள்.

சுண்டலைத் தொடவே அருவருப்பாக இருந்தது. தள்ளிவைத்தேன்.

“தூக்கும்போது உள்ளே பைலட் இருப்பாரா?” என்றார் அஃப்சருன்னிசா, தம்பியின் விரல்களை விடாமல்.

இருப்பார் என்றேன்.