முயலாக ஓடியவன்

மே மாத முதல் சனிக்கிழமை டெர்பி குதிரைப் பந்தயம் நடக்கும்போது உலகத்தில் வேறு ஏதாவது நடந்தாலும் லூயிவில் ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த வருடம் மட்டும் பாதி ஊருக்கு மனது குதிரையில் இல்லை. மறுநாள் மதியம் கூடைப்பந்து பிளேஆஃபின் ஏழாவது ஆட்டம். மூன்றுக்கு மூன்று என்று தொடர் சமமாக நின்றது. தோற்ற அணி மூட்டை கட்ட வேண்டியதுதான்.

லூயிவில் அணியில் லமாண்ட் பிக்கெட்டுக்கு ஒரே வேலை, சியாட்டிலின் டோரியன் கீஸை அடக்குவது. டோரியனுக்கு வயது இருபத்தைந்து. அவனை அடக்கினவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று டிவியில் தினமும் நாலு பேர் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். முப்பத்துநாலு வயது லமாண்ட் அவனை ஏதோ கொஞ்சமாவது இழுத்துப் பிடித்திருந்தான். ஆனால் லமாண்டிடம் ஒரு பெரிய குறை. வளையத்தில் பந்து போட அவனுக்கு வரவே வராது.

லூயிவில் பந்தைக் கொண்டு போகும்போது அவனுக்குக் காவல் நிற்க ஆளே தேவையில்லை என்பது லீக் முழுக்கத் தெரிந்த விஷயம். அந்தச் சும்மா வேலையை டோரியனே கேட்டு வாங்கிக்கொண்டான். லமாண்ட் மூலையில் தனியாக நிற்பான். டோரியன் வளையத்துக்குக் கீழே இடுப்பில் கை வைத்தபடி இளைப்பாறுவான். பந்து மறுபக்கம் திரும்பியதும் புதுக்காலோடு கிளம்புவான்.

ஆறாவது ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடம் கோச் ஹாலரன் லமாண்டை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். அந்த ஐந்து நிமிடத்தில் டோரியன் பதினாறு புள்ளி அள்ளினான். அப்படியும் கோச் மனதை மாற்றிக்கொள்ளவில்லை.

"நீ உள்ள இருந்தா நாம நாலு பேராத்தான் அட்டாக் பண்றோம், லமாண்ட். ஞாயித்துக்கிழமையும் கடைசி அஞ்சு நிமிஷம் நீ வெளியதான். மனசுல வச்சுக்காத."

எப்படி வைத்துக்கொள்ளாமல் இருப்பான்? பன்னிரண்டு வருட ஆட்டத்தில் ஏழாவது ஆட்டம் ஒன்று முடியும்போது அவன் ஒருமுறைகூடக் களத்தில் இருந்ததில்லை. அடுத்த வருடம் எந்த அணியும் அவனைக் கூப்பிடப் போவதுமில்லை. இந்த ஒன்றாவது முடியும்போது உள்ளே நிற்க வேண்டும் என்ற ஆசை அவனைப் பிடுங்கித் தின்றது.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வெர்னா வேலை பார்க்கும் லாயத்துக்குப் போனான். வெர்னா குதிரை பராமரிப்பவள்; வாய் அவளுக்குச் சவுக்கு மாதிரி. ஒரு செம்பழுப்புக் குதிரையின் கால்களுக்குக் குழாய்த் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானப் பந்தயத்தில் அது ஆறாவதாக வந்ததாம். அவளோ பதக்கம் வாங்கிய குதிரையைக் கொஞ்சுவதுபோல அதைக் கொஞ்சினாள்.

"ஆறாவதா வந்ததுக்கா இவ்வளவு உபசாரம்?" என்றான் லமாண்ட்.

"இது முயல்டா. ஜெயிக்கிறதுக்கா இத விட்டோம்? எடுத்த எடுப்புலயே தலைதெறிக்க ஓடி, ஜெயிக்கும்னு எல்லாரும் சொன்ன குதிரைய பின்னாடியே இழுத்துட்டுப் போச்சு. துரத்துன அந்தக் குதிரை கடைசி வளைவுல நாக்கு தள்ளி நின்னுருச்சு. எங்க இன்னொரு குதிரை நோகாம ஜெயிச்சுது." குழாயை மூடிவிட்டுத் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த டோரியன் உன்மேல ஏறி உக்காந்து ரெஸ்ட் எடுக்கறான். நீயும் மூலையில நட்டு வச்ச கம்பம் மாதிரி நிக்கற. வெக்கமா இல்ல?"

அவள் ஊற்றிக் கொடுத்த பர்கூ என்ற அந்த ஊர் இறைச்சிக் குழம்பு கிண்ணத்திலேயே ஆறிப்போனது. லமாண்ட் அந்தக் குதிரையின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் நிமிடத்திலிருந்தே அவன் மூலையில் நிற்கவில்லை. தங்கள் அணியில் நன்றாகப் பந்து போடும் எல்லிஸைக் காவல் காப்பவனின் வழியில் போய்ச் சுவராக நின்றான். எல்லிஸ் அந்த மறைப்பில் விடுபட்டான். லமாண்டுக்குக் காவல் என்பதால் இப்போது டோரியன்தான் வெளியே வந்து தடுக்க வேண்டும். வராவிட்டால் எல்லிஸ் நிதானமாகப் பந்தைப் போட்டுவிடுவான். இரண்டு முறை டோரியன் வரவில்லை, எல்லிஸ் இரண்டையும் போட்டான். மூன்றாவது முறை வந்தான். லமாண்ட் உடனே அங்கிருந்து மறுபக்கம் ஓடி இன்னொரு சுவரானான். பிறகு இன்னொன்று.

மூலைக்குப் போகச் சொல்லி கோச் தொண்டை கிழியக் கத்தினார். லமாண்டுக்குக் காது கேட்காமல் போய்விட்டது.

"என்ன பெருசு, காலையில காப்பி ஜாஸ்தியா?" என்று டோரியன் சிரித்தான். லமாண்ட் அடுத்த சுவருக்கு ஓடினான். பேசினால் மூச்சு செலவாகும்.

இடைவேளைக்குள் டோரியன் இருபத்திரண்டு புள்ளி எடுத்துவிட்டான். லமாண்டுக்கு மூன்று ஃபவுல். ஆறானால் வெளியே. ஓடி ஓடித் தன் நெஞ்சே வெடித்துவிடும்போலிருந்தது. இந்தப் பைத்தியக்காரத்தனத்தில் முதலில் விழப்போவது தான்தானோ என்று அவனுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. மூன்றாம் பகுதியில், பந்தைத் தட்டலாம் என்ற சபலத்தில் கையை நீட்டி நாலாவது ஃபவுல் வாங்கினான். பன்னிரண்டு வருட அனுபவசாலி புதுப்பையன் செய்யும் தப்பைச் செய்தான். கடைசிப் பகுதியில் ஐந்தாவதும் விழுந்தது.

ஐந்து நிமிடம் பாக்கி. இரண்டு புள்ளியில் சியாட்டில் முன்னால் நின்றது. கோச் மாற்று ஆளை எழுப்பிவிட்டார். லமாண்ட் நேராக அவரிடம் போனான்.

"கோச், என்னைப் பாக்காதீங்க. அவனைப் பாருங்க."

டோரியன் குனிந்து டவுசரின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். கூடைப்பந்துக்காரனுக்கு இதைவிடப் பெரிய வாக்குமூலம் கிடையாது. காலில் ஒன்றும் மிச்சமில்லாதவன்தான் டவுசரைப் பிடிப்பான். தொடர் முழுவதும் டோரியன் ஒருமுறைகூட அப்படி நின்றதில்லை. கோச் பார்த்தார். எழுந்து நின்ற மாற்று ஆளிடம் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"இன்னொரு ஃபவுல் வாங்கின, நானே உன்னை வீட்டுக்குத் துரத்துவேன்" என்று மட்டும் சொன்னார்.

ஒன்பது வினாடி இருக்கும்போது எல்லிஸ் போட்ட பந்தில் லூயிவில் ஒரு புள்ளி முன்னால் போனது. சியாட்டில் டைம்அவுட் எடுத்துத் திரும்பியது. பந்து டோரியன் கையில். எதிரே லமாண்ட். இருபதாயிரம் பேர் எழுந்து நின்றார்கள்.

டோரியன் இடப்பக்கம் தோளைக் காட்டினான். லமாண்ட் நகர்ந்தான். வலப்பக்கம் இரண்டு தட்டு. கூடவே போனான். டோரியன் சட்டென்று நின்று பந்தைத் தலைக்கு மேலே தூக்கினான். குதி, குதி என்று லமாண்டின் உடம்பெல்லாம் கெஞ்சியது. குதித்தால் டோரியன் அவன்மேல் சாய்வான்; ஆறாவது ஃபவுல்; கதை முடிந்தது. குதிகாலைத் தரையோடு அழுத்திக்கொண்டு கையை மட்டும் உயர்த்தினான். பொய்த்தூக்கல் என்பது அப்போதுதான் தெரிந்தது. டோரியன் ஒரு அடி பின்னால் எடுத்து வைத்து, இம்முறை நிஜமாகவே எறிந்தான்.

லமாண்டின் கை எட்டவில்லை. பந்து கோடு பிடித்ததுபோல நேராகப் போனது. இந்த இடத்திலிருந்து, இதே எறிதலை, இந்தத் தொடரில் டோரியன் ஏழு முறை போட்டிருக்கிறான். போச்சு என்றே லமாண்ட் நினைத்தான்.

பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டது. ஒரு சாண் குறைவு. குறி தப்பவில்லை, தள்ள வேண்டிய கால் தள்ளவில்லை. தெறித்துக் கீழே விழுந்தது, மணி அடித்தது.

கூட்டம் களத்தில் இறங்கியது. கேமராக்காரர்கள் எல்லாரும் எல்லிஸைச் சூழ்ந்துகொண்டார்கள். அவன் முப்பத்தொன்று போட்டிருந்தான். லமாண்டின் பெயருக்கு எதிரே ஒரு புள்ளிகூட இல்லை. நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்க முயன்றான், முடியவில்லை. அவனுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

ஒரு கை அவன் முன்னால் நீண்டது. டோரியனுடையது.

"எந்திரி பெருசு."

லமாண்ட் அந்தக் கையைப் பிடித்தான். டோரியன் இழுத்தான். ஒரு விரற்கடைகூட அசைக்க முடியவில்லை. இன்னொரு தரம் இழுத்தான். பிறகு இழுப்பதை விட்டுவிட்டு, மெல்ல மடங்கி, அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தான்.