நாற்பத்தோராம் பக்கம்

டார்லினுக்குச் சோறு போட்டது செத்துப்போன வெள்ளைக்காரர்களின் கையெழுத்து. பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்து, அமெரிக்கக் குடும்பங்கள் படமெடுத்து அனுப்பும் பழைய கடிதங்களை எழுத்து விடாமல் தட்டச்சு செய்து கொடுப்பாள். கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் படித்துப் பழகிய கண். எந்தக் கிறுக்கலும் அவளிடம் தப்பாது.

இந்த முறை வந்தது நூற்றறுபது வருஷத்துக்கு முந்திய கட்டு. அடிமைகளை விடமாட்டோம் என்று தனிக்கொடி பிடித்துச் சண்டைக்குப் போன தென்மாநிலங்களின் காலாட்படை ஒன்றில் சைலஸ் என்று ஒருவன் இருந்தான். மனைவி மார்த்தாவுக்கு அவன் எழுதியவை அவை. முதல் கடிதத்தில் படையாட்களின் பெயரை வரிசையாகச் சொல்லியிருந்தான். எபனேசர், சாமுவேல், காலேப், ஜாபேஸ். இதே பெயர்கள் நிறைந்த பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்துக்குள் நடக்கிற மாதிரி இருந்ததால் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடைசிப் பெயரில் நின்றுபோனது.

நல்ல பக்திமான்கள்தான். காலையில் சங்கீதம் பாடுவார்கள், மத்தியானம் கொல்லுவார்கள். ஒரு மரவேலியைப் பிடிக்க ஓடியதில் பக்கத்தில் வந்த எபனேசருக்குத் தாடை போய்விட்டது. நாக்கு மட்டும் தொங்க, அவன் சைலஸின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தான். வைத்தியர் கூடாரத்துக்கு வெளியே அறுத்துப் போட்ட கால்கள் இடுப்புயரம் கிடந்தன. செருப்பில்லாதவர்கள் பிணத்தின் காலில் பூட்ஸைக் கழற்றினார்கள். சில பிணங்கள் உதைத்தன. உதைத்தவர்களையும் அடித்துப்போட்டுக் கழற்றினார்கள். இதையெல்லாம் டார்லின் டீயைக் குடித்துக்கொண்டே அடித்து முடித்தாள். ரத்தம் அவளுக்குப் புதிதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், ஐப்பசியில், ஸ்ரீவைகுண்டத்து வாய்க்கால் கரையில் அவள் மாமாவுக்குச் சோறு கொண்டுபோனாள். மாமா பாக்கியசீலன், அம்மாவுடன் பிறந்தவர். அப்பா செத்த நாளிலிருந்து அவளைத் தோளில் தூக்கி வளர்த்து, காலேஜ் வரை படிக்கவைத்தவர். மழை தள்ளிப்போய் வாழை வாடிய சமயம் அது. தண்ணீர் முறை மாமாவுடையது. பக்கத்து வயல்காரர் ஜாபேஸ் தன் மடையைத் திறந்துவிட்டிருந்தார். கேட்கப் போன மாமாவின் கையில் வாழை வெட்டுகிற அரிவாள் இருந்தது. முதல் வெட்டு தோளில் விழுந்தது. இரண்டாவதைத் தடுக்கக் கையைத் தூக்கினார் ஜாபேஸ். மூன்று விரல் வாய்க்காலில் விழுந்தது. அவர் முட்டுக்காலில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகுதான் மாமா கழுத்தில் வெட்டினார். தலை ஒரு பக்கமாய்ச் சாய, ரத்தம் கலந்த தண்ணீர் திறந்த மடை வழியாகவே ஜாபேஸின் வாழைக்குள் போனது.

அன்றைக்கே போலீஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், அந்த ஒரு வார்த்தையைத் தவிர. அது வாயில் வரவில்லை. வீட்டில் யாரும் அவளுடன் பேசவில்லை. அதனால்தான் இந்த மாடி வீடு.

வழக்கு இப்போது விசாரணைக்கு வந்துவிட்டது. கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை ஜாமீனில் இருந்த மாமா ஒரு சீப்பு பழத்தோடு படியேறி வந்தார். அந்த இரண்டு வருஷத்தில் ஆள் பாதியாகியிருந்தார். வக்கீல் சொல்லிக்கொடுத்த வாக்கியம் ஒன்றே ஒன்று: வெயில் கண்ணில் அடித்தது, வெட்டியவர் முகம் தெரியவில்லை. போலீஸில் சொன்னதை மாற்றிய பிறழ் சாட்சி என்று எழுதிக்கொள்வார்கள், அவளுக்கு ஒன்றும் ஆகாது என்றார்.

"அன்னைக்கு மேகமாத்தான மாமா கெடந்துச்சு?"

"ஸ்ரீவைகுண்டத்துல வெயிலு அடிக்காத நாளு உண்டாட்டி? யாரு போயி மேகத்தக் கேக்கப் போறா?" என்றார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவளும் அழுதாள். சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். மனசாரத்தான் கொடுத்தாள்.

புதன்கிழமை நாற்பத்தோராம் பக்கத்துக்கு வந்தாள். எதிர்ப்படையின் கறுப்புச் சிப்பாய்கள் ஒரு பள்ளத்தில் மாட்டிக்கொண்டு துப்பாக்கியை எறிந்துவிட்டுக் கையைத் தூக்கினார்கள். சைலஸின் படை இறங்கி அவர்களைத் துப்பாக்கிக் கட்டையால் மண்டை மண்டையாக அடித்தது. ஒருவன் சைலஸின் முன் மண்டியிட்டு, 'எறிந்துவிட்டேன் ஐயா' என்றான். சைலஸ் துப்பாக்கி முனைக் கத்தியை அவன் வயிற்றில் இறக்கி, கால் வைத்து மிதித்து உருவினான். 'புகை மூடியதால் சரணடைந்தவர் யார் என்று தெரியவில்லை என்று கேப்டன் எழுதிவிட்டார். எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள், எல்லாரும் அப்படியே சொல்லப்போகிறோம். மார்த்தா, புகையே இல்லை. காலையிலிருந்து தூறல். வெடிமருந்து நனைந்து துப்பாக்கி வெடிக்கவில்லை. அதனால்தான் கட்டையால் அடித்தோம்.'

டார்லின் அந்தக் கடைசி வரிகளை இரண்டு தரம் படித்தாள்.

தட்டச்சு செய்து அனுப்பிய அரைமணி நேரத்தில் சென்னை கம்பெனியிலிருந்து கரோலின் மேடம் கூப்பிட்டார். அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பக்கம் வேண்டாமாம், 'படிக்க முடியவில்லை' என்று போட்டுவிடு என்றார். படிக்க முடிகிறதே மேடம் என்றாள். அது உனக்கெதற்கு என்றார் அவர். டார்லின் சொன்னபடியே போட்டு அனுப்பினாள். தன் தொழிலில் அவள் எழுதிய முதல் பொய் அது. இத்தனை சுலபமாக வரும் என்று அவள் நினைக்கவேயில்லை. அவமானத்தில் காது எரிந்தது.

வியாழக்கிழமை கோர்ட்டில் ஜாபேஸின் மனைவி சாரம்மாள் முதல் பெஞ்சில் இருந்தாள். எதிர்க்கூண்டில் மாமா சின்னதாகத் தலையாட்டினார், டார்லின் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கும்போது ஆட்டுவாரே, அதே மாதிரி. அந்த மனுஷனை ஆயுளுக்கும் ஜெயிலில் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. வரவேயில்லை.

வெட்டியவர் முகத்தைப் பார்த்தாயா என்று அரசு வக்கீல் கேட்டார்.

"வெயிலு..." என்று ஆரம்பித்தாள். வக்கீல் மறுபடி கேட்டார்.

"வெயிலே இல்ல சார். மேகமாக் கெடந்துச்சு. நல்லாத் தெரிஞ்சுது. எங்க மாமாதான்." பிறகு, யாரும் கேட்காமலே, சாரம்மாளைப் பார்த்துச் சொன்னாள். "ஜாபேஸ் அண்ணன் முட்டுப்போட்டு, 'மடைய அடைச்சிருதேன் அண்ணாச்சி'ன்னு சொன்னாவ. அதுக்குப் பொறவுதான் கழுத்துல வெட்டுனது."

சாரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். மாமா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். கடைசி வாக்கியத்தை இன்னொரு தரம் சொல்லும்படி நீதிபதி கேட்டார். டார்லின் அழுதுகொண்டே சொன்னாள். மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த தட்டச்சர் அதை எழுத்து விடாமல் அடித்துக்கொண்டார்.